பழைய குதிரை லாயமா? தரையிலிருந்து பாருங்கள்

மேசை ஆடியது. மகள் டிஷ்யூ பேப்பரை நாலாக மடித்து ஒரு காலுக்கு அடியில் சொருகினாள். என் கண் கப்பில் இருந்தது. டீ ஒரு பக்கம் விளிம்பை ஒட்டியும் மறுபக்கம் அரை விரல் இறங்கியும் நின்றது. அப்படியென்றால் தரையில் வாட்டம் இருக்கிறது. குனிந்து மேசைக்குக் கீழே எட்டிப் பார்த்தேன். கருநீலச் செங்கல், ஒவ்வொன்றிலும் சாக்லேட் கட்டி மாதிரி வரி. "அம்மா, எல்லாரும் பாக்கிறாங்க" என்றாள். பார்க்கட்டும். நாங்கள் கேக் தின்றுகொண்டிருந்தது ஒரு குதிரையின் பின்னங்கால் நின்ற இடம்.

நான் வேலூர்க்காரி. கட்டடங்களுக்குப் படம் வரைகிற வேலையில் 32 வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள். மகள் ஷெஃபீல்டில் நர்ஸ். அவள் வீட்டுக்கு இரண்டு முறை போய்வந்தேன். பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து போகிற நம்மூர் அப்பா அம்மாக்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் இது நடக்கும்: ஏதோ ஒரு பிரபுவின் மாளிகைக்குக் காரில் கூட்டிப்போவார்கள். உள்ளே அறை அறையாக எண்ணெய் ஓவியம், பீங்கான், திரை போட்ட கட்டில். ஒரு மணி நேரத்தில் முட்டி வலிக்கும். அப்புறம் டீ குடிக்க ஒரு பெரிய முற்றத்துக்குள் நுழைவீர்கள். பல இடங்களில் அந்த டீக்கடையும் பரிசுப்பொருள் கடையும் இருப்பது பழைய குதிரை லாயத்தில்தான். மாளிகையை விட இதைத்தான் நிதானமாகப் பார்க்கச் சொல்வேன். மாளிகை யாரைக் கவர நினைத்துக் கட்டியது என்பதைச் சொல்லும். லாயம் எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்லும். அதைப் பார்க்கிற முறையை எழுதச் சொல்லி இங்கே இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். சரி, எழுதுகிறேன்.

எடுத்துப்போக வேண்டியது அதிகமில்லை. சின்ன டேப், டார்ச், ஒரு நோட்டு. டேப் நீட்டக் கூச்சமாக இருந்தால் கையே போதும். என் சாண் எட்டு இஞ்ச். கிளம்புவதற்கு முன்னால் உங்கள் சாணை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன்னால் இங்கேயே கண்ணைப் பழக்கலாம். குதிரை நமக்கு ஒன்றும் புதிசில்லை. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் முன்னங்காலைத் தூக்கிப் பாய்கிற குதிரைகளைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். 1806 ஜூலை 10ஆம் தேதி கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, ஆற்காட்டுக் குதிரைப்படை ஏறக்குறைய 25 கிலோமீட்டர் ஓடிவந்துதான் அதை அடக்கியது. கில்லெஸ்பி என்ற வெள்ளைக்கார அதிகாரியும் 19ஆவது லைட் டிராகூன்கள் என்ற குதிரைவீரர்களும். அவ்வளவு குதிரை இருந்த நம் பக்கத்தில் இங்கிலாந்துச் சீமான்கள் கட்டியது மாதிரி லாயம் ஏன் கண்ணில் படுவதில்லை என்று முன்பெல்லாம் யோசிப்பேன். நம் வெயிலில் குதிரைக்கு வேண்டியது நிழலும் காற்றும். படைக்குதிரைகளை வெட்டவெளியில் வரிசையாக முளையடித்து, முன்னால் தலைக்கயிறும் பின்னால் கால்கயிறும் போட்டுக் கட்டுவார்கள். என் தாத்தா, அம்மாவோட அப்பா, காட்பாடி ஸ்டேஷனுக்கும் வேலூருக்கும் ஜட்கா ஓட்டியவர். அவருடைய லாயம் வீட்டுச் சுவரில் சாய்த்துப் போட்ட ஓலைச் சார்ப்பு. ஆனால் அதன் தரையை மட்டும் அவர் யாரையும் தொடவிட மாட்டார். மண்ணைத் தானே இடித்து, தெருப்பக்கம் வாட்டம் கொடுத்து வைத்திருப்பார். "குளம்பு காஞ்சிருந்தாத்தான் நமக்குக் கஞ்சி" என்பார்.

அதனால் லாயத்துக்குள் போனதும் முதலில் தரையைப் பாருங்கள். கோபுரமும் கடிகாரமும் எங்கும் ஓடிவிடாது.

கணக்குப் போட்டால் காரணம் தெரியும். ஒரு குதிரை நாளைக்குச் சுமாராகப் பத்து லிட்டர் மூத்திரம் பெய்யும். 80 குதிரை நிற்கிற இடத்தில் 800 லிட்டர். லத்தி தனி. இது தேங்கினால் குளம்பு அழுகும், நெடி கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும். குதிரை படுக்கிற வைக்கோலை எவ்வளவு மாற்றினாலும் தரை சரியில்லை என்றால் பயனில்லை. பழைய லாயங்களில் ஆற்று உருண்டைக்கல்லோ கற்பலகையோ இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் வந்ததுதான் நான் மேசைக்குக் கீழே பார்த்த கருநீலச் செங்கல். ஸ்டாஃபோர்ட்ஷயர் பக்கத்து இரும்புச்சத்து மண்ணைக் காற்றைக் குறைத்து, கடும் சூட்டில் சுட்டால் அந்த நிறம் வரும். தண்ணீர் குடிக்காத கல். மேலே வெட்டிய வரி இரண்டு வேலை செய்யும்: லாடம் வழுக்காது, ஈரம் வரிவழியே ஓடிவிடும்.

இதன் அருமை எனக்குச் சும்மா தெரியவில்லை. கணியம்பாடிப் பக்கத்து ஊரில் அண்ணன் மாட்டுக் கொட்டகை கட்டியபோது தரைக்கு நான்தான் அளவு சொன்னேன். வாட்டம் பத்தடிக்கு இரண்டு இஞ்ச் என்றேன். கொத்தனார் கைவேலை மேல் ஆசைப்பட்டவர். கண்ணாடி மாதிரி இழைத்துவிட்டார். பார்க்க லட்சணம். மூன்றாம் நாள் சினைப்பசு பின்னங்கால் அகன்று விழுந்தது. தூக்கி நிறுத்த ஆறு பேர் வேண்டியிருந்தது. கன்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்ல வேளை. மேல்பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, புதுப்பூச்சு ஈரமாக இருக்கும்போதே தேங்காய்நார்க் கயிற்றை அழுத்தி அழுத்தி எடுத்து வரி போட்டோம். வரி வேண்டும் என்று படத்தில் எழுதாதது என் தப்புதான். அந்தச் செங்கலைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கயிறு ஞாபகம் வந்தது.

தரையில் அடுத்துத் தேட வேண்டியது ஓடை. குதிரையின் பின்பக்கம் நீளவாக்கில், ஆழமில்லாத வாய்க்கால் ஒன்று போகும். கடைக்காரர்கள் பலகை போட்டு மூடியிருப்பார்கள். ஓரத்தில் இரும்புச் சல்லடை தெரிந்தால் போதும். ஓடை எந்தப் பக்கமோ அது குதிரையின் வால்பக்கம். இது ஒன்று பிடிபட்டால் மீதி எல்லாம் தானாக வரும். தலைப்பக்கச் சுவரில் தீனித்தொட்டி, வால்பக்கம் ஆட்கள் நடக்கிற வழி. இந்த வாட்டத்துக்கும் எல்லை உண்டு. குதிரை நிற்கிற இடத்தில் சரிவு அதிகமானால் குதிரை நாள் முழுக்க மேடு பார்த்து நிற்க வேண்டியிருக்கும். காலின் பின்நரம்பு இழுக்கும். அந்தக் காலத்திலேயே இதைப் பற்றி அங்கே நிறையச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

ஸ்டால் என்றால் மூன்று பக்கம் தடுப்பு, பின்பக்கம் திறப்பு. அகலம் ஆறடி, நீளம் ஒன்பதடி என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிரையைத் தலையில் கட்டி நிறுத்துகிற இடம். லூஸ் பாக்ஸ் என்பது நாலு பக்கமும் அடைத்த அறை. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி போல இருக்கும். குதிரை அவிழ்த்துவிட்டபடி திரும்பும், படுக்கும். 18ஆம் நூற்றாண்டு லாயங்களில் ஸ்டால்தான் அதிகம். பின்னால் வந்தவர்கள் இரண்டு ஸ்டாலின் தடுப்பை எடுத்து ஒரு பாக்ஸாக்கியிருப்பார்கள். நடுவில் தூண் நின்ற தடம், மேலே உத்தரத்தில் வெறும் துளை, இதைத் தேடுங்கள். மரத்தூணின் தலையில் உருண்டை இருந்தால் அது ஸ்டால் தடுப்பின் கடைசித் தூண். அதில் கையை வைத்துப் பாருங்கள், நெய் தடவின மாதிரி வழவழவென்று இருக்கும். தலைமுறை தலைமுறையாகக் குதிரை உரசினது.

அப்புறம் சுவரில், உங்கள் நெஞ்சு உயரத்தில் பாருங்கள். லாயத்தில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. நல்ல லாயத்தில் வாசற்கல்லின் மூலையைக்கூட மழுக்கியிருப்பார்கள். இடுப்பெலும்பு இடித்துக் குதிரை நொண்டக் கூடாது. தாழ்ப்பாளும் கதவோடு கதவாகப் பதிந்திருக்கும். கதவு குறுக்கே இரண்டாக வெட்டியிருந்தால், மேல்பாதி காற்றுக்கு, கீழ்பாதி காவலுக்கு. தீனித்தொட்டி விளிம்பில் பல் பதிந்த குழிகள் இருந்தால் விரலைவிட்டுப் பாருங்கள். சும்மா நிற்கிற குதிரைக்கு மரத்தைக் கடிக்கிற கெட்ட பழக்கம் வந்துவிடும். அதற்குத்தான் விளிம்பில் இரும்புப்பட்டை அடித்தார்கள்.

ஜன்னல் உயரத்தில் இருக்கும், பெரும்பாலும் அரைவட்டம். வெளியிலிருந்து பார்த்தால் அழகுக்கு வைத்த மாதிரி தெரியும். உள்ளே நின்றால் காரணம் புரியும்: வெளிச்சம் குதிரையின் கண்ணில் நேராக அடிக்காமல் தலைக்கு மேலே போகிறது. வைக்கோல் கூண்டு விஷயத்தில் அவர்களுக்கு இந்த அறிவு தாமதமாக வந்தது. பழைய லாயங்களில் கூண்டைத் தலைக்கு மேலே மாட்டினார்கள். குதிரை அண்ணாந்து இழுக்கும், தூசியும் புல்விதையும் கண்ணிலும் காதிலும் விழும். பிறகுதான் தொட்டி மட்டத்துக்கு இறக்கினார்கள். சுவரில் மேலே பழைய ஆணித்துளை, கீழே புதிய கூண்டு என்று இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

மேலே பரண். கூரையில் சதுரமாக ஒட்டுப்போட்ட பலகை தெரிந்தால் அது வைக்கோல் தள்ளுகிற வழி. கீழே நேராகக் கூண்டு இருந்திருக்கும். வெளிச்சுவரில், மாடி உயரத்தில், படியே இல்லாமல் அந்தரத்தில் ஒரு கதவு இருக்கிறதா? வண்டியிலிருந்து நேராகப் பரணுக்கு வைக்கோல் ஏற்றிய கதவு அது. சூட்டுக்கும் சுலபத்துக்கும் பரண் நல்லது. ஆனால் கீழேயிருந்து ஏறுகிற நெடியை வைக்கோல் பிடித்துக்கொள்ளும், தீப்பிடித்தால் எல்லாம் போகும். பிற்கால லாயங்களில் பரண் இல்லாமல் கூரை முகடுவரை திறந்துவிட்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

இப்போது வெளியே வந்து கூரையில் புகைபோக்கிகளை எண்ணுங்கள். குதிரைக்கு அடுப்பு மூட்ட மாட்டார்கள். புகைபோக்கி இருந்தால் கீழே ஆட்கள் இருந்தார்கள், இல்லையென்றால் தோல் இருந்தது. சேணம், கடிவாளம், வார் எல்லாம் வைக்கிற அறையில் கணப்பு எரியும். அந்த ஊர்க் குளிரில் ஈரம் பட்டால் தோலில் பூஞ்சை பூத்துவிடும். ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி என்று தோலோடு பழகின நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். சுவரில் சேணம் மாட்டின வளைந்த தாங்கிகள் மிஞ்சியிருக்கும். என்னைக் கேட்டால் லாயத்திலேயே உட்கார வசதியான அறை அதுதான். இப்போது பெரும்பாலும் கைகழுவும் இடமாக்கிவிட்டார்கள்.

வண்டி நிறுத்திய கொட்டடி தனி. அகலமான வளைவு வாசல். அடியில் இரண்டு பக்கமும் கூம்பிய கல் புதைத்திருக்கும்; சக்கரம் சுவரை உரசாமல் இருக்க. லாங்கு பஜார் பக்கத்துச் சந்துகளில் வீட்டு மூலையில் நாம் நட்ட குத்துக்கல்லின் அண்ணன் தம்பி அது. ஆனால் நம்முடையதில் ஆள் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம்.

இவ்வளவும் முடிந்தபிறகு முகப்பைப் பாருங்கள். ஷெஃபீல்டிலிருந்து பக்கத்தில் இருக்கிற சாட்ஸ்வர்த் மாளிகையின் லாயம் நல்ல உதாரணம். டெவன்ஷயரின் 4ஆவது ட்யூக்குக்காக ஜேம்ஸ் பெயின் என்ற கட்டடக்கலைஞர் போட்ட திட்டம். வேலை 1758இல் தொடங்கியது. பக்கத்துக்கு 190 அடி சதுரம், இரண்டு அடுக்கு, நடுவில் முற்றம், மூலைகளில் குட்டைக் கோபுரங்கள். வாசலில் பருத்த தூண்கள், மேலே குடும்பச் சின்னம், இரண்டு பக்கமும் ஆளுயரக் கலைமான்கள், அதற்கும் மேலே கடிகாரம். குதிரைக்கு இதெல்லாம் எதற்கு? விருந்தாளிக்குத்தான். மேட்டில் நிற்கிற லாயம் மாளிகையோடு சேர்ந்து கண்ணில் படும். கடிகாரத்துக்கு மட்டும் உண்மையான வேலை இருந்தது: தீனி, தண்ணீர், தேய்ப்பு, வண்டி பூட்டுவது எல்லாம் நேரப்படி. உள்ளே 80 குதிரைக்கு இடம். மாடியில் தானியமும் ஆட்களும். அங்கே ஓர் அறைக் கதவில் 'மூன்றாவது போஸ்டிலியன்' என்று பெயின்டில் எழுதியது மிஞ்சியிருந்ததாகப் படித்தேன். வண்டியில் பூட்டிய குதிரை மேலேயே உட்கார்ந்து ஓட்டுகிறவர் போஸ்டிலியன். பெயர் இல்லை, வரிசை எண்தான். 1939இல் கடைசிக் குதிரைகள் வெளியேறின. பிறகு கிடங்கு, கராஜ், இப்போது கடையும் உணவகமும்.

ராதர்ஹாம் பக்கம் வென்ட்வொர்த் வுட்ஹவுஸ் இன்னொன்று. யார்க் நகரத்து ஜான் கார் 1768இல் தொடங்கியது, 84 குதிரைக்கு. கட்டச் சொன்னவர் இரண்டு முறை பிரதமராக இருந்த ராக்கிங்ஹாம். அவர் குதிரையைத்தான் ஸ்டப்ஸ் என்ற ஓவியர் ஆளை மிஞ்சின உயரத்துக்கு, பின்னால் மரம் மட்டை ஒன்றும் இல்லாமல் வரைந்தார்; லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. முகப்பு பார்த்தபின் கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை போய்ப் பின்சுவரைப் பாருங்கள். எங்கே செதுக்கின கல் நின்று சாதாரணக் கல்லோ செங்கலோ தொடங்குகிறதோ, அதுவரைக்கும்தான் விருந்தாளி வருவார் என்று கணக்கு. முகத்துக்கு மட்டும் பவுடர்.

கடல் பக்கம் போனால் பிரைட்டனை விடாதீர்கள். பின்னால் நான்காம் ஜார்ஜ் ஆன இளவரசருக்காக வில்லியம் போர்டன் 1803 முதல் 1808 வரை கட்டிய லாயம். 80 அடி விட்டத்தில் ஒரு குவிமாடம், நம் நாட்டு மசூதியையும் அரண்மனையையும் பார்த்துப் போட்ட மாதிரி. நம்மிடம் ஓலைச் சார்ப்பில் நின்ற குதிரைக்கு அங்கே டில்லிக் கோபுரம்! முதல் உலகப்போரில் அதே குவிமாடத்துக்குக் கீழே காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்குக் கட்டில் போட்டு ஆஸ்பத்திரி நடத்தினார்கள். இப்போது கச்சேரி அரங்கம். இங்கே தரையில் ஒன்றும் கிடைக்காது, தலைநிமிர்ந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

சின்ன எஸ்டேட் லாயங்கள் பலவற்றில் இப்போது குடும்பங்கள் குடியிருக்கின்றன. கேட்காமல் முற்றத்துக்குள் போகாதீர்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். நாய் இருக்கும், ஜாக்கிரதை. இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலை இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஊர்ப் பெயர் போட்டால் அந்தக் கட்டடத்துக்கு நான்கு வரியோ நாலு பக்கமோ வர்ணனை வரும். பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். மாளிகை பட்டியலில் இருந்தால், அதன் வளாகத்தில் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே நிற்கிற லாயத்துக்கும் பொதுவாக அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டும் என்று ஒரு டீக்கடை அம்மா என்னிடம் அலுத்துக்கொண்டார்.

மேசை ஆடின அன்று எடுத்த போட்டோக்களை ராத்திரி அண்ணனுக்கு அனுப்பினேன். செங்கல், ஓடை, தூண், எல்லாம். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "தண்ணி எங்க போய் விழுது?"

பார்க்காமல் வந்துவிட்டேன். அடுத்த வாரம் மகளை நச்சரித்து மறுபடி போனேன். நீங்கள் முதல் நாளே செய்துவிடுங்கள்: ஓடை சுவரைத் தாண்டுகிற இடத்தைப் பிடித்து, வெளியே அதன் போக்கிலேயே நடங்கள். முற்றத்துக்குப் பின்னால் சரிவில் ஒரு தொட்டி இருந்தது, மேலே கல்மூடி. பக்கத்தில் மூன்று பக்கச் சுவரோடு குப்பைக்குழி. அங்கிருந்து தள்ளுவண்டி போகிற அகலத்துக்கு ஒரு பாதை, உயரமான செங்கல் சுவர் வைத்த காய்கறித் தோட்டத்துக்குப் போனது. குதிரை லத்தி புளிக்கும்போது எழும்புகிற சூட்டில்தான் அந்தக் காலத்தில் வெள்ளரியும் முலாம்பழமும் விளைந்திருக்கின்றன. அன்னாசிக்குக்கூடச் சூடு வேண்டுமே, அதற்குத் தோல் பதனிட்டு மிஞ்சிய ஓக் பட்டைத்தூளைக் குழியில் கொட்டிப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இதை அண்ணனுக்கு எழுதினேன். நம்மூரில் தோலுக்கு ஆவாரம்பட்டை போட்ட காலம் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. "அந்தச் சக்கையை நாம சும்மா கொட்டிட்டோமே" என்று பதில் வந்தது. கூடவே அவன் கொட்டகை ஓடையின் போட்டோ. ஓடை முடிகிற இடத்தில் ஒரு வாழை.